தார் முடியும் இடத்தில் ரோடு முடிவதில்லை

போன வாரம் ஒரு பெரியவர் வந்தார். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் மாவட்டச் சாலை ஓரமாக இரண்டு கடை கட்டியவர். கையில் ஆக்கிரமிப்பு நோட்டீஸ். "தாரிலிருந்து பத்தடி தள்ளித்தானே சார் கட்டினேன்" என்றார். இந்த வருடம் மட்டும் இதே வார்த்தையை நாலாவது ஆளிடம் கேட்கிறேன். நில அளவைதான் என் தொழில். மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள். தார் என்பது வண்டி ஓடுவதற்காகப் போட்டது. ரோட்டுக்கு என்று சர்வேயில் ஒதுக்கிய நிலம் அதைவிட எவ்வளவோ அகலம். இருவழிச் சாலையில் தார் 7 மீட்டர், அதாவது சுமார் 23 அடி. அவர் ஊர்ப் புலப்படத்தில் (சர்வே எண் வாரியாக நிலத்தின் அளவு காட்டும் அரசு வரைபடம்) ரோட்டின் அகலம் 100 லிங்க். அது 66 அடி. (பழைய படங்களில் அளவு லிங்க் என்ற பழைய நில அளவை அலகில்தான் இருக்கும். அதை அப்படியே அடி என்று படித்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு.) 66-ல் 23 போக மீதி 43 அடி. தார் நட்டநடுவில் போனால்கூட பக்கத்துக்கு 21½ அடி ரோட்டு நிலம். நிறைய இடங்களில் தார் நடுவிலும் போகாது. பெரியவரின் கடை பதினோரு அடிக்கு மேல் ரோட்டுக்குள் இருந்தது.

கடையை ஒட்டி ஒரு பழைய புளியமரம். தண்டில் வெள்ளைப் பட்டை அடித்து எண் எழுதியிருந்தது. அது நெடுஞ்சாலைத் துறை மரம், அதன் புளியை ஏலம் விடுவார்கள். தாரிலிருந்து பார்த்தால், கடை ஷட்டரையும் தாண்டி ஐந்தாறு அடி தள்ளி அந்த மரம் நிற்கிறது. ரோடு எதுவரை என்று மரமே சொல்கிறது, கட்டும்போது யாரும் அதைப் பார்க்கவில்லை.

இவ்வளவு அகலம் எங்கிருந்து வந்தது? இந்தச் சாலைகளில் பல ஜில்லா போர்டு (அந்தக் கால மாவட்ட உள்ளாட்சி அமைப்பு) காலத்தவை. 1884-ல் வந்த உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பிறகு மாட்டுவண்டிக்கும் நிழல் மரத்துக்கும் இடம் விட்டு அந்த போர்டுகள் பராமரித்தவை. 1943 நாக்பூர் திட்டம் சாலைகளை தேசிய, மாநில, மாவட்ட முக்கிய, மாவட்ட இதர, கிராமச் சாலை என்று தரம் பிரித்தது. 1946-ல் நெடுஞ்சாலைத் துறை தனித் துறையானது. 1958 பஞ்சாயத்துச் சட்டத்தோடு ஜில்லா போர்டுகள் போய், ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. ஒரே ரோடு இப்படிக் கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது. பழைய பத்திரத்தில் 'ஜில்லா போர்டு ரோட்டுக்கு வடக்கு' என்று இருப்பது இன்று மாநில நெடுஞ்சாலையாகவே இருக்கலாம். எண்ணும் மாறும்: 2010-ல் சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலை 45 என்ற எண்ணை இழந்து 32, 132, 38 என்று பிரிந்தது. பத்திரங்களில் இன்னும் 45 தான். பெயரும் எண்ணும் எப்படி மாறினாலும் அதனால் புலப்படத்துக் கோடு ஒரு அடிகூடச் சுருங்காது.

அப்புறம், "வீட்டு வரி கட்டுகிறேன், கரன்ட் கொடுத்திருக்கிறார்கள்" என்பார்கள். அந்த ரசீதுகளால் ரோட்டு நிலம் உங்களுடையதாகிவிடாது. அகலப்படுத்த வரும்போது அந்த நிலத்துக்கு இழப்பீடும் கிடையாது.

ரோட்டோர இடத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் புலப்படத்தையும், அந்த சர்வே எண் யாருடைய நிலம், என்ன வகை என்று காட்டும் 'அ' பதிவேட்டையும் எடுங்கள். அரசு இணையதளத்திலேயே பார்க்கலாம். ரோடு எந்தத் தரம், யார் பொறுப்பு என்று நெடுஞ்சாலைத் துறை உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் கேளுங்கள். சர்வே கல்லிலிருந்து அளக்கச் சொல்லுங்கள், தாரிலிருந்து அளக்கிறவரைத் திருப்பி அனுப்புங்கள். கிராமப்புறத்தில் மாவட்ட முக்கியச் சாலைக்கு 25 மீட்டர், மாவட்ட இதர சாலைக்கு 15 மீட்டர் நிலம் வேண்டும் என்பது பொது அளவுகோல். இன்று குறுகலாக இருக்கும் ரோடு நாளை தரம் உயர்ந்தால் உங்கள் பட்டா நிலத்தையும் கையகப்படுத்துவார்கள். அதையும் யோசித்துத் தள்ளிக் கட்டுங்கள்.

பெரியவர் கடைசியில் ஒன்றுதான் கேட்டார். இடிப்பதற்கு முன் ஷட்டரையும் இரும்பு உத்திரத்தையும் கழற்றிக்கொள்ள ஒரு மாதம் அவகாசம் கேட்டு மனு எழுதித் தர வேண்டுமாம். எழுதிக் கொடுத்தேன்.