பால்பல்லை ஃப்ரிட்ஜில் வைக்காதீங்க

விழுந்து நாலு நாளான பால்பல்லை மாத்திரை டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, “டாக்டர், ஸ்டெம் செல் எடுத்து பேங்கில் போடலாமா?” என்று கேட்டு இந்த வாரமும் ஓர் அம்மா வந்தார். ஸ்டெம் செல் என்றால் வேறு வகை செல்களாக மாறக்கூடிய மூலச் செல்; பேங்க் என்றால் அதை உறையவைத்துச் சேமிக்கும் இடம். முடியாதும்மா. தானாக ஆடி விழுந்த பல்லில் மிஞ்சுவதே துளிக் கூழ் (பல்லுக்குள் இருக்கும் மெத்தென்ற திசு), அதுவும் நாலு நாளில் காய்ந்து செத்திருக்கும். பேசாமல் கூரைமேல் எறியுங்கள்.

பல்லில் ஸ்டெம் செல் இருப்பது பொய்யில்லை. நிலைப்பல் கூழில் 2000-இலும் பால்பல்லில் 2003-இலும் கண்டுபிடித்தாயிற்று. எனக்குக் கோபம் வருவது, “உள்ளே விட்டால் கெட்ட உறுப்பு புதிதாக முளைக்கும்” என்று ஏஜென்ட்டுகள் அளக்கும் கதையில்தான். முளைக்காதுங்க! உடம்புக்குள் செலுத்தும் செல்களில் பெரும்பாலானவை அங்கே நிலைப்பதே இல்லை. இருக்கும்வரை புரோஸ்டாகிளாண்டின் இ2, டிஜிஎஃப்-பீட்டா போன்ற சமிக்ஞைப் பொருள்களைச் சுரந்து, எகிறும் டி செல்களை (நோய் எதிர்ப்புச் செல்கள்) அடக்கும், அவற்றைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரி டி செல்களைக் கூட்டும், அழற்சி (வீக்கமும் சிவப்பும்) தணியும். அதுவும் எப்போதும் இல்லை. சில பாக்டீரியாக்களின் உறையிலுள்ள எல்பிஎஸ் என்ற நச்சுப்பொருள் பட்டால், தணிக்க வேண்டிய அதே செல் ஐஎல்-6, ஐஎல்-8 என்ற அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்து அழற்சியை ஏற்றிவிடலாம். ஈறுநோய் முற்றிய பல்லின் வேர்ச்சவ்விலுள்ள (வேரை எலும்போடு பிணைக்கும் சவ்வு) ஸ்டெம் செல்லுக்கு டி செல்லை அடக்கும் திறனே குறைந்திருந்ததைச் சோதனைக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். சீழ் கட்டிய பல்லைக்கூடச் சேமிக்கலாம் என்று ஒருவர் சொன்னால், சந்தேகமே வேண்டாம், அவர் உங்கள் பர்ஸைப் பார்க்கிறார்.

சீனாவில் அடிபட்டுக் கூழ் செத்த முன்பல்லுக்குள் அந்தக் குழந்தையின் சொந்தப் பால்பல் செல்லையே வைத்து, ரத்த ஓட்டத்தோடு கூழ் திரும்ப வளர்ந்ததை 2018-இல் வெளியிட்டார்கள். அருமையான வேலை. ஆனால் அது ஆராய்ச்சி. நம் ஊரில் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி வணிகச் சேமிப்புக்கு அனுமதி தொப்புள்கொடி ரத்தத்துக்கு மட்டும்தான், பல்லுக்குக் கிடையாது. யாராவது பணம் கட்டச் சொன்னால், பல்லுக்கு அனுமதி எங்கே என்று கேளுங்கள்.

அப்புறம், நிஜமாகவே செல்லைக் காப்பாற்ற வேண்டிய நேரம் ஒன்று உண்டு, அதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறீர்கள். பந்து பட்டு நிலைப்பல் முழுசாகக் கழன்று விழுந்தால் வேரைத் தொடாதீர்கள், தேய்த்துக் கழுவாதீர்கள், டிஷ்யூவில் சுற்றாதீர்கள். மேல்பகுதியைப் பிடித்து எடுத்து, ஆறிய பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் ஓடி வாருங்கள். வேரைச் சுற்றியுள்ள சவ்வு காய்ந்துவிட்டால் பல்லைத் திரும்ப நட்டாலும் சரியாக ஒட்டாது. பால்பல் என்றால் திரும்ப நடவே கூடாது, குழந்தையை மட்டும் கூட்டி வாருங்கள். தயவுசெய்து மறுநாள் சாவகாசமாக வராதீங்க.