மேல்முறையீடு வேறு, மறுவிசாரணை வேறு

2024 ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் இரவுச் செய்தி. "மறுவிசாரணை கோரி ஹார்வி வைன்ஸ்டீன் தொடுத்த வழக்கில் அவரது தண்டனையை ரத்து செய்தது நியூயார்க் மேல் கோர்ட்" என்று வாசித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனார் கேட்டார்: "அப்போ ஆள் வெளியே வந்துட்டானா?" அவர் மேல் தப்பில்லை. அந்த வாக்கியத்தைக் கேட்ட யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

பாலியல் குற்ற வழக்கில் சிறைக்குப் போன ஹாலிவுட் தயாரிப்பாளர் வைன்ஸ்டீன் மறுவிசாரணைக்காக வழக்குத் தொடுக்கவில்லை, மேல்முறையீடு செய்தார். இரண்டும் ஒன்று என்பதுபோல் எழுதுவதை இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்று அதைக் கொட்டித் தீர்த்துவிடுகிறேன்.

சொற்பிறப்பைச் சுருக்கமாக முடித்துவிடலாம். அப்பீல் என்பது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அழைத்தல், ஒருவரை நோக்கி வேண்டுதல் என்பது அதன் மூலப்பொருள். தமிழில் முறை என்றால் நீதி. "முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்" என்ற குறளில் வருவது அந்த முறைதான். அநீதி நேர்ந்தவன் அரசன் வாசலில் நின்று "முறையோ!" என்று கூவுவது முறையிடுதல். குறியிடு குறியீடு ஆனதுபோல முறையிடு முறையீடு ஆயிற்று. ஓரிடத்தில் கிடைக்காத நீதியை அதற்கு மேலே உள்ள இடத்தில் கேட்பதால் மேல்முறையீடு. லத்தீனிலும் கூப்பிடுதல், தமிழிலும் கூப்பிடுதல். இவ்வளவு பொருந்திவரும் மொழிபெயர்ப்பு சட்டத்துறையில் அதிகம் கிடையாது.

இலங்கையில் மேன்முறையீடு என்பார்கள். மேல் + மக்கள் மேன்மக்கள் ஆவதுபோல, இலக்கணப்படி அதுதான் சரி. நான் மேல்முறையீடு என்றே எழுதுகிறேன். காரணம் பழக்கம், வேறொன்றும் இல்லை.

மறுவிசாரணைக்கு வருவோம். இந்தச் சொல்லில் எந்தக் குறையும் இல்லை. அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது, அதை விட்டுவிட்டு அடுத்தவர் வேலையைக் கொடுப்பதுதான் தப்பு. விசாரணை என்றால் சாட்சி கூண்டில் ஏறவேண்டும், குறுக்கு விசாரணை நடக்கவேண்டும், சான்றுப் பொருள்கள் மேசைக்கு வரவேண்டும். இவை எல்லாம் முதலிலிருந்து மறுபடி நடந்தால் மறுவிசாரணை. மேல்முறையீட்டில் இதெல்லாம் கிடையாது. கீழே நடந்த விசாரணையின் பதிவுகள் கட்டுக்கட்டாக மேலே போகும். வக்கீல்கள் அதை வைத்து வாதாடுவார்கள், நீதிபதிகள் படிப்பார்கள். அபூர்வமாகக் கூடுதல் சாட்சியம் வாங்க நம் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அது விதிவிலக்கு.

நமக்கு நன்றாகத் தெரிந்த வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெயலலிதாவுக்கு 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு தனி நீதிமன்றம் நான்கு ஆண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. அவர் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீட்டில் போனார். 2015 மே 11 அன்று விடுதலை. வருமானத்துக்கு மேல் இருந்த சொத்து 8.12 சதவீதம்தான் என்று அந்தத் தீர்ப்பு கணக்குப் போட்டது. அந்தக் கணக்கு சரியா என்று ஊரே கூட்டிக் கழித்துப் பார்த்தது. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளி, பழைய தீர்ப்பையே நிலைநிறுத்தியது. இவ்வளவும் ஏற்கெனவே பதிவான சாட்சியங்களை வைத்துத்தான். இதை மறுவிசாரணை என்று எழுதினால் நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்கிறோம்.

உண்மையான மறுவிசாரணை எப்படி இருக்கும் என்று பார்க்க, 2002 குஜராத் கலவரக் கொலைகள் பற்றிய பெஸ்ட் பேக்கரி வழக்கு இருக்கிறது. வடோதரா விரைவு நீதிமன்றம் 2003-இல் 21 பேரையும் விடுவித்தது, குஜராத் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையைத் தள்ளி, வழக்கை மகாராஷ்டிரத்தில் மறுபடி விசாரிக்கச் சொன்னது. மும்பையில் சாட்சிகள் திரும்பக் கூண்டில் ஏறினார்கள். 2006-இல் ஒன்பது பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டின் முடிவு மறுவிசாரணை உத்தரவு. இரண்டையும் ஒரே சொல்லால் எப்படிச் சொல்வது?

"பொதுஜனத்துக்குப் புரிய வேண்டாமா சார், மறுவிசாரணைன்னா எளிமையா இருக்கு" என்று ஒரு மொழிபெயர்ப்பாள நண்பர் என்னிடம் வாதாடினார். சரி, எளிமையாகவே எழுதிப் பார்ப்போம். வைன்ஸ்டீன் வழக்கில் நடந்தது இது: மேல்முறையீடு செய்தார், நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. நண்பரின் எளிய தமிழில் இது "மறுவிசாரணை கோரிய வழக்கின் மறுவிசாரணையில் மறுவிசாரணைக்கு உத்தரவு" என்று ஆகும். பொதுஜனத்துக்குப் புரிந்தால் எனக்கும் சொல்லுங்கள். அதைவிட அப்பீல் என்றே எழுதிவிடலாம். டீக்கடையில் "அதுக்கு அப்பீலே கிடையாது" என்று சொல்கிற ஆளுக்கு அப்பீல் என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். நான் தனித்தமிழ்க்காரன்தான், ஆனாலும் தப்பான தமிழுக்கு அந்தக் கடன்சொல் மேல்.

அடுத்தது "மேல் கோர்ட்". நியூயார்க் மாநிலத்தில் சுப்ரீம் கோர்ட் என்ற பெயரில் இருப்பது முதலில் வழக்கை விசாரிக்கும் நீதிமன்றம். வைன்ஸ்டீன் குற்றவாளி என்று 2020 பிப்ரவரியில் ஜூரி என்ற நடுவர் குழு சொன்னதும், மார்ச்சில் 23 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டதும் அங்கேதான். அதற்கு மேலே அப்பெல்லேட் டிவிஷன் என்ற மேல்முறையீட்டுப் பிரிவு. அது 2022 ஜூனில் தீர்ப்பை உறுதி செய்தது. எல்லாவற்றுக்கும் மேலே, ஆல்பனி நகரத்தில், ஏழு நீதிபதிகள் கொண்ட கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ். மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் உண்மையில் இதுதான், ஆனால் பெயரில் உச்சம் இல்லை. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் கையில் இது சிக்கினால் கீழ்க்கோர்ட்டை உச்ச நீதிமன்றம் ஆக்கி, உச்சத்தை நடுவில் கொண்டுவந்து வைத்துவிடுவார். டெக்சாஸில் இன்னும் வேடிக்கை. அங்கே உச்சமே இரண்டு. சிவில் வழக்குக்கு சுப்ரீம் கோர்ட், கிரிமினல் வழக்குக்குத் தனியாக ஒன்று.

நம்மவர்களிடையேயும் இந்தக் குழப்பம் உண்டு. சென்னையில் உயர் நீதிமன்றம் என்பது ஹைகோர்ட். கொழும்பில் உயர் நீதிமன்றம் என்றால் சுப்ரீம் கோர்ட், ஹைகோர்ட்டுக்கு அங்கே மேல் நீதிமன்றம் என்று பெயர். யாழ்ப்பாணத்து நண்பர் "உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது" என்றால் அதற்கு மேல் போக வழியில்லை என்று பொருள். நாம் "சரி, டில்லிக்குப் போகலாமே" என்போம். அதனால்தான் சொல்கிறேன், பெயரை மொழிபெயர்க்காதீர்கள், படியைச் சொல்லுங்கள். விசாரணை நீதிமன்றம், இடைநிலை மேல்முறையீட்டு நீதிமன்றம், மாநிலத்தின் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் யாரையும் ஏமாற்றாது.

இன்னொன்றும் உண்டு. நியூயார்க்கில் கிரிமினல் வழக்கில் முதல் மேல்முறையீடு உரிமை. ஆல்பனிக்குப் போவது பொதுவாக உரிமையல்ல, அனுமதி வாங்கவேண்டும். அந்த விண்ணப்பத்தை ஒரேயொரு நீதிபதி பார்த்துக் கொடுப்பார் அல்லது மறுப்பார். அந்த அனுமதிக்கு ஆங்கிலத்தில் லீவ் என்று பெயர். "மேல்முறையீடு செய்ய விடுப்பு கோரினார்" என்று அச்சில் வந்ததை என் கண்ணால் படித்திருக்கிறேன். நம் ஊரில் சிறப்பு அனுமதி மனு என்று நல்ல சொல் இருக்கும்போது எதற்கு இந்த விடுப்பு, மெடிக்கல் சர்டிபிகேட் இணைக்கவா?

மிச்சம் இருப்பது "தண்டனை ரத்து". நம் சட்டத்திலேயே குற்ற முடிவு ஒன்று, தண்டனை ஒன்று. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 386-ஆம் பிரிவு, மேல்முறையீட்டில் என்னென்ன செய்யலாம் என்று சொல்லும்போது இரண்டையும் தனித்தனியாகத்தான் குறிக்கிறது. மறுவிசாரணைக்கு உத்தரவிடுவதும் அதே பட்டியலில் உள்ள ஒன்று. தண்டனையை மட்டும் குறைத்தாலும் ஆள் குற்றவாளிதான். ஜெயலலிதா 2014 அக்டோபரில் ஜாமீனில் வந்தும் முதல்வர் நாற்காலியில் உட்கார முடியாமல் போனது இதனால்தான். நிறுத்தப்பட்டது தண்டனை, குற்றத்தீர்ப்பு அப்படியே நின்றது.

ஆல்பனி 2024 ஏப்ரல் 25 அன்று நான்குக்கு மூன்று என்ற கணக்கில் ரத்து செய்தது குற்றத்தீர்ப்பை. அவர் குற்றமே செய்யவில்லை என்று அது சொல்லவில்லை. குற்றச்சாட்டில் இல்லாத வேறு சம்பவங்களைப் பற்றிப் பேசிய பெண்களின் சாட்சியத்தை ஜூரி முன் அனுமதித்தது தவறு என்றது. "இவன் அப்படிப்பட்ட ஆள், அதனால் இதையும் செய்திருப்பான்" என்று காட்டுவதற்காகப் பழைய செயல்களைக் கொண்டுவரக்கூடாது என்பது அங்கே 1901-இல் மாலினூ வழக்கில் அதே நீதிமன்றம் வகுத்த விதி. ஏழில் மூன்று பேர் அந்த விதியை இப்படிப் பொருத்துவதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார்கள்.

மாமனாருக்கு இதையெல்லாம் அன்று சொல்ல நேரமில்லை. "வரலை மாமா, கலிஃபோர்னியாவிலே இன்னொரு வழக்கு, அதுல 16 வருஷம் இருக்கு. நியூயார்க்லயும் திரும்ப நடத்தணும்" என்றேன். 2025 ஜூனில் மறுவிசாரணை முடிந்து, ஒரு குற்றச்சாட்டில் குற்றவாளி, இன்னொன்றில் இல்லை, மூன்றாவதில் முடிவு எட்டவில்லை என்று செய்தி வந்தது. அன்று அந்தச் சொல் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் செய்தியில் "மேல்முறையீட்டில் மீண்டும் குற்றவாளி" என்று வாசித்தார்கள்.