கடைசி வரிசையில் நின்ற யோசேப்பு

என்னிடம் ஆலோசனைக்கு வரும் பெற்றோரில் "எனக்கு இளையவன்தான் செல்லம்" என்று ஒப்புக்கொண்டவர் யாருமில்லை. "ரெண்டும் எனக்கு ரெண்டு கண்ணு சார்" என்பார்கள். பிள்ளையைத் தனியே கேட்டால் கணக்கு வேறாக இருக்கும். பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தி சொன்னாள்: "தம்பி விழுந்தா 'ஐயோ, அடி பட்டுச்சா'ம்பாங்க. நான் விழுந்தா 'பாத்து நடக்க மாட்டியா'ம்பாங்க."

இந்தப் பேச்சு வந்தாலே நாம் பைபிளில் யாக்கோபு தன் செல்ல மகன் யோசேப்புக்கு மட்டும் செய்துகொடுத்த பலவருண அங்கிக்குப் போய்விடுகிறோம். அப்போது அவனுக்கு 17 வயது. விஷயம் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. ஆதியாகமம் 33ஐ எடுத்துப் பாருங்கள். யாக்கோபோடு பழைய பகையுள்ள அண்ணன் ஏசா 400 பேரோடு வருகிறான். பயந்துபோன யாக்கோபு பணிவிடைக்காரிகளையும் அவர்கள் பிள்ளைகளையும் முதலில் நிறுத்துகிறார். பின்னால் மனைவி லேயாளும் அவள் பிள்ளைகளும். கடைசியில் பிரியமான மனைவி ராகேலும் அவள் மகன் யோசேப்பும். தாமே எல்லாருக்கும் முன்னால் நடந்தார் என்பது உண்மைதான். ஆனாலும் வெட்டு விழுந்தால் முதலில் யார்மேல் விழும் என்பது முன்வரிசைப் பிள்ளைகளுக்குப் புரியாமலா இருந்திருக்கும்?

யாக்கோபு வளர்ந்ததும் அப்படியொரு வீட்டில்தான். வேட்டைக்கறி ருசிக்காக அப்பா ஈசாக்குக்கு ஏசா செல்லம், அம்மா ரெபெக்காளுக்கு யாக்கோபு. அதனால் பெற்றோரிடம் முதலில் நான் கேட்பது, "நீங்க வளர்ந்த வீட்ல யார் செல்லம்?" என்பதைத்தான். பலர் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

'தேவனிடத்தில் பட்சபாதமில்லை' என்ற ரோமர் 2:11ஐச் சொன்னதும், கோழிக்காலைக்கூட அளந்து வைக்கத் தொடங்குகிறவர்கள் உண்டு. அது வேண்டாம். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குக் கூடுதல் நேரம் போகத்தான் செய்யும். ஏன் என்று மற்றப் பிள்ளைக்கும் சொல்லுங்கள். லூக்கா 15இல் வரும் ஊதாரி மகன் கதையில், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளையவனுக்கு விருந்து. ஆனால் கோபத்தில் வாசலுக்கு வெளியே நின்ற மூத்தவனைத் தேடி அப்பாவே வெளியே வருகிறார். 'எனக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூடத் தரவில்லையே' என்ற முறையீட்டை முழுவதும் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்கிறார்.

"உங்களுக்கு அவனைத்தான் பிடிக்கும்" என்று பிள்ளை சொன்னால், கட்டிய ஃபீஸையும் வாங்கிய சைக்கிளையும் எடுத்துச் சொல்லாதீர்கள். "எப்போ அப்படித் தோணுச்சு?" என்று மட்டும் கேளுங்கள்.

அந்தப் பெண்ணின் அம்மா அன்றிரவே கேட்டிருக்கிறார். மகள் சொன்னதில் பாதி தனக்கு நினைவே இல்லை என்று அடுத்த வாரம் வந்து அழுதார்.