பக்கம் அப்படியே இருக்க, எண் மட்டும் மாறுவது எப்படி?

மொரீஷியஸில் நவம்பர் தொடங்கி மே நடுப்பகுதி வரை புயல் பருவம். தைப்பூசக் காவடியும் அதற்குள்தான் வருகிறது. அதனால் காவடிக்கு நேர்ந்துகொண்ட வீடுகளில் விரதம் ஒரு பக்கம் நடக்கும், வானிலைச் செய்தி மேல் ஒரு கண்ணும் இருக்கும். எச்சரிக்கை நான்கு வகுப்புகளாக வரும். தமிழ்நாட்டுத் துறைமுகங்களில் ஏற்றும் கூண்டு எண் மாதிரிதான், எண் கூடினால் ஆபத்து நெருங்குகிறது என்று பொருள். நான்காம் வகுப்பு என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசத் தொடங்கிவிட்டது.

அப்படி ஒரு நாளில் கைபேசியில் புயல் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறோம். வகுப்பு 2 என்று இருந்தது 3 ஆகிறது. திரை வெளுக்கவில்லை, வரைபடம் மறைந்து மீண்டும் வரவில்லை, படித்துக்கொண்டிருந்த வரியும் நகரவில்லை. அந்த ஓர் எண் மட்டும் மாறியிருக்கிறது.

இணையத்தின் தொடக்க காலத்தில் இது சுலபமில்லை. எதைக் கேட்டாலும் சர்வர் ஒரு முழுப் பக்கத்தைத்தான் அனுப்பும். உலாவி பழையதை எறிந்துவிட்டுப் புதியதை முதலிலிருந்து வரையும். அவுட்லுக் மின்னஞ்சலை உலாவியிலேயே பார்க்க வழி செய்துகொண்டிருந்த மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள், பக்கத்தைத் தொடாமல் பின்னணியில் சர்வரிடம் பேசும் ஒரு கருவியை எழுதினார்கள். அது 1999 மார்ச்சில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உடன் வெளிவந்தது. பிற உலாவிகளும் அதை எடுத்துக்கொண்டன. 2004இல் ஜிமெயில், 2005இல் கூகுள் மேப்ஸ் வந்தபிறகுதான் இதன் வீச்சு எல்லோருக்கும் புரிந்தது. 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்ற இணைய வடிவமைப்பாளர் இந்த முறைக்கு அஜாக்ஸ் என்று பெயர் வைத்தார். இன்று அதே வேலையை ஃபெட்ச் என்ற இன்னும் எளிய கட்டளை செய்கிறது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? பக்கத்தின் எழுத்து வடிவம் வந்து சேர்ந்ததும் உலாவி அதைப் படித்து, தன் நினைவகத்தில் ஒரு மரமாகக் கட்டிக்கொள்கிறது. தலைப்பு ஒரு கிளை, பத்தி ஒரு கிளை, அந்தப் பத்திக்குள் இருக்கும் எண் ஓர் இலை. இந்த மரத்துக்கு டாம் (DOM) என்று பெயர். நாம் திரையில் காண்பது அதைப் பார்த்து உலாவி வரைந்த படம். பக்கத்தோடு வந்த ஜாவாஸ்கிரிப்ட் நிரல் இந்த மரத்தின் எந்த இலையையும் தொட்டு மாற்றலாம். மாற்றியதும், எந்தெந்தப் பகுதி பாதிக்கப்பட்டது என்று உலாவி கணக்கிட்டு, தேவையானதை மட்டும் மறுபடி வரைகிறது. 2 போய் 3 வந்தால் வேலை மிகக் குறைவு. பக்கத்தின் உச்சியில் நான்கு வரி அறிவிப்பைத் திடீரென்று நுழைத்தால் கீழே உள்ளதெல்லாம் இறங்கும், விரல் வேறு லிங்கில் போய் விழும். அந்த இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

புதிய செய்தியைக் கேட்டு வாங்குவதும் இதே நிரல்தான். கேள்வியை அனுப்பிவிட்டு அது காத்து நிற்பதில்லை. அதனால் நாம் பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தலாம், படத்தைப் பெரிதாக்கலாம். பதில் வந்ததும் அதற்கென்று எழுதிவைத்த பகுதி ஓடும். பதிலும் முழுப் பக்கமாக இருக்க வேண்டியதில்லை. வகுப்பு 3, அறிவித்த நேரம் 16.10 என்று ஜேசான் (JSON) என்ற எளிய எழுத்து வடிவில் ஒரு வரி போதும். வரைபடங்களோடு பக்கம் 2 எம்பி என்று வைத்துக்கொண்டால், இது பதிலோடு கூடவே வரும் தலைப்புத் தகவல்களையும் சேர்த்துச் சில நூறு பைட்டுகள்தான். எதுவும் மாறவில்லையா? ‘மாற்றமில்லை’ என்று பொருள்படும் 304 என்ற குறியீட்டை மட்டும் சர்வர் திருப்பி அனுப்பலாம்.

தீவில் இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. சர்வர் லண்டனிலோ பாரிஸிலோ இருந்தால் தூரம் 9,000 கிலோமீட்டருக்கும் மேல். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகிறது, ஆக ஒருமுறை போய்வரக் குறைந்தது 0.09 நொடி. முழுப் பக்கத்தைக் கட்ட இப்படிப் பலமுறை போய்வர நேரலாம். ஓர் எண்ணுக்கு, இணைப்பு ஏற்கெனவே திறந்திருந்தால், ஒருமுறை போதும்.

மாறியதா என்று எத்தனை முறை கேட்பது? நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கலாம். அல்லது இணைப்பைத் திறந்தே வைத்து, செய்தி வரும்போது சர்வரே அதை அனுப்பிவிடலாம். அரட்டை போல இருபக்கமும் பேச வேண்டுமானால் அதற்கு வெப்சாக்கெட் என்ற இணைப்பு முறை இருக்கிறது. புயல் எச்சரிக்கைக்கு அவ்வளவு தேவையில்லை, நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பதே போதும் என்பது என் எண்ணம். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. தலைநகர் போர்ட் லூயிஸிலும் ரோஸ் ஹில்லிலும் வக்வாவிலும் எல்லாக் கைபேசிகளும் ஒரே நொடியில் கேட்டால் சர்வர் திணறிவிடும். ஆகவே ஒவ்வொன்றும் சில நொடி முன்பின்னாகக் கேட்கும்படி எழுத வேண்டும்.

இந்த முறையில் எனக்கு உண்மையாகவே கவலை தருவது வேறொன்று. முழுப் பக்கத்தையும் மறுபடி ஏற்றும்போது இணைப்பு இல்லையென்றால் பிழைச் செய்தி கண்ணுக்குத் தெரியும். ஓர் எண்ணை மட்டும் பின்னணியில் கேட்கும்போது கேள்வி தோற்றுப்போனால், நிரல் எழுதியவர் அதைக் கவனிக்காத பட்சத்தில், திரையில் ஒன்றுமே நடக்காது. பழைய 2 அங்கேயே நிற்கும், பார்ப்பவர் இன்னும் இரண்டாம் வகுப்புதான் என்று நம்பி வெளியே கிளம்புவார். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துப் போனது. அப்படிப்பட்ட நேரத்தில் பழைய எண்ணைக் காட்டுவதைவிட எதையும் காட்டாமல் இருப்பது மேல்.

பதில்கள் கேட்ட வரிசையில் திரும்பி வரும் என்ற உறுதியும் கிடையாது. நலிந்த இணைப்பில், முதலில் கேட்டதற்கான பதில் பிந்தி வந்து, புதிய 3இன் மேல் பழைய 2ஐ எழுதிவிடலாம். ஒவ்வொரு பதிலிலும் அறிவித்த நேரத்தைச் சேர்த்து அனுப்பி, திரையில் உள்ளதைவிடப் பழையதை ஒதுக்கினால் இது தீரும். பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக்காட்டும் மென்பொருளும், சொல்லி வைக்காவிட்டால், இலை மாறியதை அறிவிக்காது. ஏரியா லைவ் (aria-live) என்ற ஒரு குறிப்பைச் சேர்த்தால் மாறியதும் உரக்கச் சொல்லும்.

பார்ப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எண்ணுக்குப் பக்கத்தில் ‘கடைசியாகப் பெற்ற நேரம்’ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றாலோ, இருந்தும் அது வெகுநேரமாக மாறவில்லையென்றாலோ, டேட்டா போனால் போகட்டும், பக்கத்தை முழுதாக ரீலோட் செய்யுங்கள். அதுவும் வரவில்லை என்றால் வானொலியைப் போடுங்கள்.