மலைப்பாதையில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். சீசன் தொடங்கிவிட்டால் வழியெல்லாம் கார் நிற்கும், கண்ணாடி இறங்கும், கை வெளியே நீளும். அப்புறம் அடிபட்ட குரங்குகள் கால்நடை மருத்துவரான என் மேஜைக்கு வரும். போன வாரம் வந்தது ஒரு தாய்க் குரங்கு. உயிர் போயிருந்தது. வாயைத் திறந்து பார்த்தேன்: கன்னப்பையில் மெல்லாத கிரீம் பிஸ்கட், கூடவே கிழிந்த உறையின் ஒரு துண்டு. மார்பு மயிரைப் பிடித்திருந்த குட்டியைப் பிரித்தெடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டோம்.

ஏன் தீனி போடுகிறீர்கள் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: “பாவம் டாக்டர், பசியில இருக்கு. காட்டுல என்ன கிடைக்குது?”

கிடைக்கிறது. அத்தி, ஆல், நாவல், துளிர் இலை, பூ, வெட்டுக்கிளி என்று நிறையவே கிடைக்கிறது. நாட்டுக் குரங்கு தீபகற்ப இந்தியாவைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாத இனம். பிஸ்கட் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே இந்தக் காடுகளில் பிழைத்து வந்திருக்கிறது. பகலெல்லாம் அலைந்து தேடித் தின்பதுதான் அதன் வாழ்க்கை. போகிற வழியில் விதைகளையும் பரப்பிவிட்டுப் போகும். அது சாலையோரம் உட்கார்ந்திருப்பது காடு கைவிட்டதால் இல்லை, நேற்று வந்தவர் பழம் போட்டதால். தயவுசெய்து இதை நம்புங்கள்.

ஆஞ்சநேயருக்கு என்று போடுகிறவர்களுடன் நான் வாதாட மாட்டேன். கோயிலில் வடைமாலை சாத்துங்கள். சாலையில் மட்டும் வேண்டாம்.

தீனி ஓரிடத்தில் குவிந்தால் கூட்டத்துக்குள்ளேயே சண்டை கூடும். மனிதரிடம் பயம் விட்டுப்போன குரங்கு, கொடுக்காதவரிடம் பிடுங்கும். நீங்கள் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடுகிறீர்கள். மறுநாள் பையோடு பள்ளிக்குப் போகும் பிள்ளை கடி வாங்குகிறது. அதன் பிறகு ஊரே மாறிவிடுகிறது. பட்டாசு, கவண், “பிடித்துக்கொண்டு போங்கள்” என்று மனு. பிடித்து வேறு இடத்தில் விட்டால் அது அங்குள்ள ஊருக்குள் இறங்கும். இங்கே காலியான இடத்துக்கு வேறு கூட்டம் வந்து சேரும்.

வால்பாறைக்குப் பக்கத்திலுள்ள புதுத்தோட்டத்துச் சிங்கவால் குரங்கைப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும், மரத்தை விட்டு எளிதில் இறங்காத விலங்கு அது. இன்று சாலையில் நடக்கிறது, வீட்டு ஓட்டைப் பிரிக்கிறது. அது அடிபடாமல் கடக்கச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்ட வேண்டியதாயிற்று. கீழே நீங்கள் தீனி போட்டால் அது ஏன் பாலத்தில் போகப்போகிறது?

கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். நிறுத்தாதீர்கள். உணவுப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். கண்ணுக்குக் கண் முறைக்க வேண்டாம், பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கவும் வேண்டாம். பிடுங்கினால் விட்டுவிடுங்கள்.

கடித்தாலும் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்காதீர்கள். நாய்க்கு மட்டும்தான் வெறிநோய் வரும் என்பது தவறு, குரங்குக்கும் வரும். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். முதல் ஊசியோடு நிறுத்திவிடாமல் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28 என்று மருத்துவர் குறித்துத் தரும் எல்லா நாளும் போட்டுக்கொள்ளுங்கள். மிச்ச ஊசிகளை உங்கள் ஊர் அரசு மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்ளலாம். சீட்டை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.