மூக்கில்லாத அமெரிக்க லாரி: எஞ்சினைக் கடைசியில் பாருங்கள்

நம் ஊரில் லாரி என்றாலே இப்போது முகம் தட்டையானதுதான். எஞ்சினுக்கு மேலேயே டிரைவர் உட்கார்ந்திருப்பார். மூக்கு நீண்ட பழைய டாடா வண்டி எங்காவது கண்ணில் பட்டால்தான் திரும்பிப் பார்ப்போம். அமெரிக்காவில் இது அப்படியே தலைகீழ். அங்கே நெடுஞ்சாலை முழுக்க மூக்கு லாரிகள். தட்டை முக வண்டிக்குக் 'கேப்ஓவர்' என்று பெயர். கென்வொர்த் கே100, பீட்டர்பில்ட் 352, ஜி.எம்.சி. ஆஸ்ட்ரோ போன்ற பழைய கேப்ஓவர்களைத் தேடிப் பிடித்து, சொந்தக் காசைப் போட்டு ஓட வைப்பதை ஒரு பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறார்கள்.

அவை அபூர்வமாகிப் போனதற்குக் காரணம் ஒரு சட்டம். முன்பு அங்கே லாரி, டிரெய்லர் இரண்டையும் சேர்த்து மொத்தம் இத்தனை அடிதான் இருக்கலாம் என்று மாநிலத்துக்கு மாநிலம் ஒரு வரம்பு இருந்தது. மூக்கை வெட்டினால் அந்த நீளத்துக்கும் சரக்கு ஏற்றலாம். அதனால் கேப்ஓவர் விற்றது. 1982இல் வந்த தரைவழிப் போக்குவரத்துச் சட்டம், முக்கிய நெடுஞ்சாலைகளில் மொத்த நீளத்துக்கு இருந்த வரம்பை நீக்கி, டிரெய்லரின் நீளத்தை மட்டும் கணக்கில் எடுத்தது. அதற்குப் பிறகு எஞ்சின் மேல் உட்கார்ந்து சூட்டையும் குலுக்கலையும் தாங்க யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.

வாங்குகிறவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. எஞ்சின், கியர் பாக்ஸ், ஆக்சில், பிரேக் எல்லாம் அதே காலத்து மூக்கு லாரிகளிலும் இருந்தவைதான். கம்மின்ஸ் என்.டி.சி. எஞ்சினுக்கோ ஃபுல்லர் 13 ஸ்பீடு கியர் பாக்ஸுக்கோ இன்றும் சாமான் கிடைக்கிறது. கிடைக்காதது கேபினும் அதைச் சேர்ந்தவையும்தான்: கதவுகள், கேபினைத் தூக்கும் சிலிண்டர், கேபின் பூட்டு, கியர் லீவரிலிருந்து பெட்டிக்குப் போகும் நீண்ட இணைப்புத் தண்டுகள், எஞ்சின் மேல் மூடியிருக்கும் கூண்டு. ஆகவே எஞ்சின் நின்றுபோன, கேபின் நன்றாக இருக்கும் வண்டி நல்ல பேரம். எஞ்சின் தேன் போல ஓடி, கேபின் அரித்துப்போயிருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

கேபின் பெரும்பாலும் அலுமினியத் தகடு; ரிவெட் அடித்துக் கட்டியது. தாங்கிகள், கீல், பூட்டு எல்லாம் இரும்பு. இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் புகுந்தால் அது சின்ன பேட்டரியாகிவிடும். அதில் கரைவது அலுமினியம். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களில் ஓடிய வண்டியின் கேபின் அடித்தளத்தைக் குனிந்து பார்த்தால், இரும்புத் தாங்கியைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்து, தகடு உப்பியிருக்கும். மேலே எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்திருந்தாலும் பொருட்டில்லை. அரிசோனா, நெவாடா மாதிரி வறண்ட பகுதி வண்டிகளில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே வெயிலில் ரப்பரும் வயர் உறையும்தான் காய்ந்து வெடித்திருக்கும், அவற்றை மாற்றிக்கொள்ளலாம்.

ரிவெட்டுகளை டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். சிலவற்றின் தலையைச் சுற்றிக் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு கறை, வால் மாதிரி கீழ்நோக்கி வழிந்திருக்கும். அழுக்கு என்று துடைத்துவிட்டுப் போகக் கூடாது. ரிவெட் ஓட்டைக்குள் அசைகிறது. உராய்ந்து உதிரும் அலுமினியத் தூள்தான் அந்தக் கறை. நாலைந்து இருந்தால் மாற்றலாம். ஒரே வரிசையில் எல்லாமே அப்படி இருந்தால் உள்ளே இருக்கும் சட்டம் விரிசல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். மாற்றும்போது வெறும் பாப் ரிவெட் போதாது, கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும். முழு ரிவெட்டே போட வேண்டும். ஒருவர் வெளியே சுத்தியல் துப்பாக்கியால் அடிக்க, இன்னொருவர் உள்ளே கனமான இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்கும் வேலை அது. இரும்பும் அலுமினியமும் மறுபடி தொடாதபடி நடுவே எபாக்சி பிரைமரும் சீலன்ட்டும் கட்டாயம்.

அடுத்து, விற்கிறவரையே கேபினைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அதில் ஏதோ இருக்கிறது. கீல் முன்பக்கம். கை பம்பை அடிக்க அடிக்க இரண்டு பக்கச் சிலிண்டர்களும் கேபினின் பின்பக்கத்தைத் தூக்கும். ஒரு கட்டத்தில் கேபினின் எடை மையம் கீலைத் தாண்டி முன்னால் போகும். அதுவரை தூக்கிய சிலிண்டர்கள், அதற்குப் பிறகு விழாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். எண்ணெய் அமுங்காது என்பதால் பிடிக்கும். குழாயில் காற்றுக் குமிழ் இருந்தால் அது அமுங்கும், கேபின் மையத்தைத் தாண்டிய நொடியில் திடுமென்று முன்னால் சாயும். பல நூறு கிலோ எடை அப்படிச் சாய்ந்தால் கீலும் முறியும், ஆளும் தப்ப முடியாது. தூக்குவதற்கு முன் தரை சமமாக இருக்கட்டும், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், கியரை நியூட்ரலில் போடுங்கள், கதவுகளைச் சாத்துங்கள். படுக்கைக்கு அடியில் இருக்கும் ஸ்பேனர் பெட்டியை வெளியே எடுங்கள். பல முன் கண்ணாடிகள் உடைந்தது உள்ளேயிருந்து விழுந்த சாமானால்தான். கேபின் முழுதாகத் தூக்கித் தாங்குகட்டை பூட்டும் வரை அடியில் தலையை நுழைக்காதீர்கள். பம்பில் பிரேக் ஆயில் ஊற்றும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. சீலெல்லாம் ஊதிப் போகும்.

சேஸிஸில் பார்க்க வேண்டியது இரட்டைச் சட்டம். கனரக வண்டிகளில் பிரதான சட்டத்துக்குள் இன்னொரு சட்டத்தைச் செருகியிருப்பார்கள். இரண்டுக்கும் இடையே துரு ஏறினால், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். போல்ட்டுகளுக்கு நடுவே சட்டம் வயிறு மாதிரிப் புடைக்கும். புடைத்த சட்டத்தைச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்ய முடியாது. பிரித்து, மணல் அடித்து, புதுச் செருகு போட வேண்டும். சட்டத்தின் மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ யாராவது துளை போட்டோ வெல்டிங் வைத்தோ இருந்தால் விலையைப் பாதியாகக் கேளுங்கள். வளைவின் இழுவையும் அழுத்தமும் உச்சத்தில் இருப்பது அந்த விளிம்புகளில்தான். சூடேற்றிப் பதப்படுத்திய எஃகு வெல்டிங் சூட்டில் பதம் இழந்து, அந்த இடத்திலேயே கிழியும்.

இனி எஞ்சின். டெட்ராய்ட் 8வி-71 இருந்தால் உங்களுக்கு ஒரு சலுகை. சிலிண்டருக்கு 71 கன அங்குலம், மொத்தம் 568, அதாவது 9.3 லிட்டர், சாதாரண அமைப்பில் 318 குதிரைத்திறன். இது இரண்டு ஸ்ட்ரோக் டீசல். காற்று, சிலிண்டரின் உள்ளுறையான லைனரின் நடுவில் இருக்கும் துளைகள் வழியாக நுழைகிறது, புகை மேலே வால்வு வழியாக வெளியேறுகிறது. பிஸ்டனால் தானாகக் காற்றை உறிஞ்ச முடியாது. புளோயர் என்ற காற்றூதி, சிலிண்டர்களைச் சுற்றியுள்ள காற்றறைக்குள் ஊதித் தள்ளுகிறது. அந்தக் காற்றறைக்குப் பக்கவாட்டில் சின்ன மூடிகள் உண்டு. போல்ட்டைக் கழற்றி மூடியை எடுத்து, எஞ்சினைக் கையால் சுற்றினால், துளைகள் வழியே பிஸ்டனும் ரிங்குகளும் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து போகும். மழுங்கிய குச்சியால் ரிங்கை அழுத்துங்கள். சட்டென்று திரும்பினால் நல்லது, அசையாவிட்டால் கரியில் ஒட்டியிருக்கிறது. பிஸ்டனில் நெடுங்கோடுகள் தெரிந்தால் அது சூட்டில் உராய்ந்தது. ஹெட்டைக் கழற்றாமல் இவ்வளவு பார்க்க முடிகிற எஞ்சின் வேறு அதிகமில்லை. காற்றறையின் வடிகுழாயில் கொஞ்சம் எண்ணெய் சொட்டினால் பயப்பட வேண்டாம், அது அதன் இயல்பு.

பல வருடம் நின்ற இந்த எஞ்சினைச் சும்மா செல்ஃப் அடித்துப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலைத் தெளிக்கும் தனி இன்ஜெக்டர். எவ்வளவு டீசல் என்பதை ரேக் என்ற சிறு பல்தண்டு தீர்மானிக்கும். ரேக்குகள் ஒரே குழாய்த் தண்டில் கோத்திருக்கும். பழைய டீசல் பிசினாகி ஒரு ரேக் முழு டீசல் நிலையில் ஒட்டிக்கொண்டால், மற்றவற்றையும் அது பிடித்துவைக்கும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரால் பின்னிழுக்க முடியாமல் எஞ்சின் ஓடி, ஓடி, வெடிக்கும் வரை வேகம் ஏறும். சாவியைத் திருப்பினால் நிற்காது. அதனால் முதலில் வால்வு மூடியைத் திறந்து ரேக் தண்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். தடையில்லாமல் போய்வர வேண்டும். பிறகும் முதல் ஸ்டார்ட்டில் காற்று நுழையும் வாயருகே ஒட்டுப்பலகைத் துண்டோடு ஒருவர் நிற்க வேண்டும். துணியோ கையோ கூடாது, உள்ளே இழுத்துவிடும். அவசர அடைப்புத் தகடு எஞ்சினிலேயே உண்டு. ஆனால் விளையாட்டாக அதை அடித்துப் பார்த்தால் புளோயர் சீல் வழியே எண்ணெயை இழுக்கும். எண்ணெய் எஸ்.ஏ.இ. 40, ஒற்றை கிரேடு, சாம்பல் குறைந்தது. நவீன மல்டிகிரேடு இதற்கு ஒத்துவராது.

கம்மின்ஸ் என்.டி.சி. என்றால் கவலை வேறு. அது 855 கன அங்குலம், சுமார் 14 லிட்டர். லைனரைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும். பிஸ்டன் ஒவ்வொரு முறையும் லைனரைத் தட்ட, அது மணி போல் அதிரும். வெளிப்புறத்தில் நீர் விலகி ஆவிக் குமிழ் உண்டாகி, மறுகணம் நசுங்கும். அந்த அடியில் இரும்பு துளித் துளியாகக் கழன்று, கடைசியில் லைனரில் ஊசித் துளை விழும், தண்ணீர் எஞ்சின் ஆயிலில் கலக்கும். குளிர்நீரில் நைட்ரைட் கலந்த மருந்து இருந்தால் இரும்பின் மேல் ஒரு காப்புப் படலம் நிற்கும். குழாய்த் தண்ணீர் ஊற்றியே ஓட்டிய வண்டி என்று தெரிந்தால் டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கிறதா பாருங்கள்.

காற்று பிரேக்கில்தான் அதிக வேலை. கம்ப்ரசர் தொட்டியை நிரப்பும்; 125 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்தம்) அளவில் காற்றுக் கவர்னர் அதை நிறுத்தும், 100 பக்கம் இறங்கினால் மறுபடி ஓடவிடும். 60க்குக் கீழே போனால் எச்சரிக்கை மணி. பின் சக்கரங்களின் பிரேக் அறைகளுக்குள் ஒரு பெரிய சுருள் ஸ்பிரிங் அமுங்கிக் கிடக்கிறது. காற்றுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. 20க்கும் 45க்கும் இடையே காற்று இறங்கும்போது ஸ்பிரிங் தானாக விரிந்து பிரேக் பிடிக்கும். பழைய அறையின் பின்பக்க வளையத்தை எக்காரணத்தைக் கொண்டும் கழற்றாதீர்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொன்றிருக்கிறது. அறையை வண்டியிலிருந்து கழற்றும் முன் அதற்கென உள்ள நீண்ட போல்ட்டால் ஸ்பிரிங்கைப் பூட்டி, அதை முழுதாகவே மாற்றுங்கள்.

சோதனை எளிது. கட்டை வைத்து, காற்றை முழுதாக ஏற்றி, எஞ்சினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுங்கள். டிரெய்லர் இல்லாத வண்டியில் ஒரு நிமிடத்தில் 2 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கக் கூடாது. பெடலை மிதித்துப் பிடித்தால் 3. மேலே போனால் சோப்புத் தண்ணீர் தெளித்துத் தேடுங்கள். கேபின் கீல் அருகே ஒவ்வொரு முறை தூக்கும்போதும் வளையும் நைலான் குழாய்கள் முதல் சந்தேகம்.

ஒரு கோளாறு எல்லோரையும் ஏமாற்றும். பெடலை மிதிக்கும்போது பின் பிரேக் அறைகளுக்குக் காற்றை விடும் ரிலே வால்வின் வெளியேற்றுத் துளையில் ஓயாமல் சீறும். ரிலேதான் போச்சு என்று புதிதாக மாட்டுவார்கள், சீறல் நிற்காது. பார்க்கிங் பிரேக்கைப் போட்டுப் பாருங்கள்: சீறல் நின்றால் ரிலே நல்லதுதான். ஸ்பிரிங் அறையின் நடுச் சீல் கிழிந்து, அங்கிருக்கும் காற்று பக்கத்து அறைக்குள் கசிந்து, குழாய் வழியே பின்னோக்கி வந்து ரிலேயில் வெளியேறுகிறது. ஒவ்வொரு அறையின் குழாயாகக் கழற்றிப் பார்த்தால் எது என்று தெரியும்.

பிரேக் அறையிலிருந்து வெளியே வரும் தண்டின் நீட்சியையும் அளக்க வேண்டும். 30ஆம் எண் அறையின் பயன்பரப்பு 30 சதுர அங்குலம், 100 பி.எஸ்.ஐ.யில் 3,000 பவுண்டு, ஏறத்தாழ 1,360 கிலோ விசை. ஆனால் சாதாரண அறையில் தண்டு 2 அங்குலத்துக்கு மேல் நீண்டால் ரப்பர் தகடு அடியை நெருங்கி, விசை சரியத் தொடங்கும். மலை இறக்கத்தில் டிரம் சூடேறி விரிவதால் நீட்சி இன்னும் கூடும். 1994க்கு முந்திய வண்டிகளில் பிரேக் இடைவெளியைத் தானாகச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் கட்டாயமில்லை என்பதால் பெரும்பாலும் கையால் திருகுவதுதான்.

டயர் புதிதாகத் தெரிந்தாலும் பக்கவாட்டில் முத்திரையைப் படியுங்கள். நான்கு இலக்கமானால் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. மூன்றே இலக்கம் என்றால் 2000க்கு முந்தியது, பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். வளையம் பூட்டிய பழைய ட்யூப் ரிம்மை நீங்களே பிரிக்காதீர்கள். வளையம் சரியாக உட்காராமல் காற்றடித்தால் குண்டு மாதிரி பறக்கும். 10.00-20 அளவு டயர் இருந்த இடத்தில் 11ஆர்22.5 அளவு ட்யூப்லெஸ் டயரை ரிம்மோடு மாற்றிவிட்டால் உயரம் ஏறக்குறைய அதேதான், ஸ்பீடோமீட்டர் அதிகம் மாறாது. ஸ்டட் பூட்டு வகை இரட்டைச் சக்கரத்தில் உள் நட்டை முதலில் முறுக்க வேண்டும். இடப்பக்கச் சக்கரத்தில் மரை தலைகீழ், இடப்புறம் திருப்பினால்தான் இறுகும். முறுக்கு விசை 450 முதல் 500 அடி-பவுண்டு வரை. பெயின்ட் அடித்த சக்கரத்தில் நட்டு உட்காரும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யாவிட்டால், பெயின்ட் நசுங்கி நட்டு தளரும். முதல் 50 முதல் 100 மைல் ஓடியதும் வெளி நட்டைத் தளர்த்தி, உள் நட்டை மறுபடி முறுக்கி, பிறகு வெளியே இறுக்குங்கள்.