புதிய அணைக்கு முன் பழைய குழாய்: கசிவை எப்படிப் பிடிக்கிறார்கள், அதற்கு ஏன் பொதுப்பணம் வேண்டும்

குடிநீர்க் குழாயில் 3 மில்லிமீட்டர் அளவில் ஓர் ஓட்டை. உள்ளே இருக்கும் அழுத்தம், தண்ணீரை 40 மீட்டர் உயரத்துக்கு ஏற்றும் அளவு. அந்த ஓட்டை வழியாக ஒரு நாளில் ஏறத்தாழ 10,000 லிட்டர் வெளியேறும். ஆளுக்கு 100 லிட்டர் என்றால் 100 பேரின் ஒரு நாள் தேவை அது. கீழே மணலோ பழைய வடிகாலோ இருந்தால் தண்ணீர் அந்த வழியே ஓடிவிடும். சாலையில் ஈரம்கூடத் தெரியாது.

பெரிய குழாய் வெடித்தால்தான் இழப்பு அதிகம் என்று நினைக்கிறோம். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. மணிக்கு 20 கன மீட்டர் கொட்டும் உடைப்பை ஊரே பார்க்கும், ஒரே நாளில் அடைத்துவிடுவார்கள். இழப்பு 480 கன மீட்டர். வீட்டு இணைப்பு பிரியும் இடத்தில் மணிக்கு 1 கன மீட்டர் கசிந்து, ஆறு மாதம் யார் கண்ணிலும் படாமல் இருந்தால் 4,300 கன மீட்டர். கசிவின் வேகத்தைவிட அது எத்தனை நாள் ஓடுகிறது என்பதே முக்கியம். அதனால் புகார் வரும்வரை காத்திருக்கும் நிர்வாகம் எவ்வளவு வேகமாகப் பழுது பார்த்தாலும் தோற்றுக்கொண்டே இருக்கும்.

தேடிப் பிடிக்க முதல் வேலை, வலையமைப்பை 500 முதல் 3,000 இணைப்புகள் கொண்ட பகுதிகளாகப் பிரிப்பது. எல்லை வால்வுகளை மூடி, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே நுழைவாய் விட்டு, அதில் மீட்டர் பொருத்துவார்கள். பிறகு அதிகாலை 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையே எவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறது என்று பார்க்க வேண்டும். 1,000 இணைப்புள்ள பகுதியில் அப்போது மணிக்கு 14,000 லிட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு நேர வீட்டு உபயோகம் இணைப்புக்கு 2 லிட்டர் வீதம் 2,000 லிட்டர். மீதி 12,000 லிட்டரும் கசிவுதான். பகலில் உபயோகம் கூடி அழுத்தம் இறங்குவதால், இதை 24ஆல் பெருக்காமல் 20 மணி நேரம் போல எடுத்துக்கொள்வது வழக்கம்: நாளுக்கு 2,40,000 லிட்டர்.

இந்தக் கணக்கு இரண்டு இடங்களில் சறுக்கும். பழுது பார்க்க வந்த குழு திறந்த எல்லை வால்வை மூட மறந்தால், அன்றிலிருந்து வரும் எண்களுக்கு அர்த்தமே இல்லை. சில மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் இடங்களில் வீட்டுத் தொட்டிகள் இரவிலும் நிரம்பிக்கொண்டிருக்கும். தொட்டி நிரம்பும்வரை விட்டு, அதன் பிறகுதான் அளக்க வேண்டும். விட்டுவிட்டுத் தண்ணீர் தருவதில் இன்னொரு பெரிய ஆபத்தும் உண்டு. குழாய் காலியாகும்போது, கசிவு வெளியேறிய அதே ஓட்டை வழியாக அக்கம்பக்கத்துக் கழிவுநீர் உள்ளே இழுக்கப்படும்.

பகுதி தெரிந்ததும் புள்ளியைக் கண்டுபிடிக்க, கசியும் தண்ணீர் எழுப்பும் ஒலி உதவுகிறது. கசிவுக்கு இருபுறமும் வால்வுகளில் இரண்டு உணரிகளை வைத்து, சத்தம் ஒன்றைவிட மற்றொன்றுக்கு எவ்வளவு தாமதமாக வருகிறது என்று கருவி அளக்கும். உணரிகளுக்கு இடையே 120 மீட்டர், தாமதம் 0.05 நொடி, வார்ப்பிரும்புக் குழாயில் ஒலி வேகம் நொடிக்கு சுமார் 1,200 மீட்டர். 0.05 நொடியில் ஒலி 60 மீட்டர் போகும். 120இல் அந்த 60ஐக் கழித்துப் பாதியாக்கினால் 30. சத்தம் முதலில் எட்டிய உணரியிலிருந்து 30 மீட்டரில் தோண்ட வேண்டும். ஆனால் வரைபடத்தில் இரும்பு என்றிருக்கும் குழாயை எப்போதோ பிவிசியாக மாற்றியிருந்தால்? பிவிசியில் வேகம் சுமார் 480 மீட்டர்தான். உண்மையான இடம் 48 மீட்டரில் இருக்கும். 18 மீட்டர் தள்ளி, காய்ந்த மண்ணில் சாலையை வெட்டியிருப்பார்கள். குழாய் வரைபடத்தைச் சரிபார்ப்பதற்கு நிதி கேட்டால் அலுவலக வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எங்கள் பார்வையில் முதலில் செலவழிக்க வேண்டியதே அங்கேதான்.

இதற்கிடையே அழுத்தத்தைக் குறைத்தாலே கசிவு குறையும். இரும்புக் குழாயின் வட்ட ஓட்டையில் அழுத்தம் பாதியானால் கசிவு 30 சதவீதம் போல இறங்கும். பிளாஸ்டிக் குழாயின் நீளவாக்கு விரிசல் அழுத்தம் குறைந்தால் சுருங்கவும் செய்யும் என்பதால் அங்கே பலன் இன்னும் கூடுதல். இரவில் அழுத்தக் குறைப்பு வால்வு இதைத் தானாகச் செய்யும். அதன் வடிகட்டியைச் சுத்தம் செய்ய ஆள் இல்லையென்றால் மண் அடைத்துச் சில மாதங்களில் செயலிழந்துவிடும்.

பணம் சிக்கிக்கொள்வதும் இந்த ஆள் விஷயத்தில்தான். அரசு மானியங்கள் பெரும்பாலும் கட்டுமானத்துக்கே வருகின்றன. மீட்டர் வாங்க நிதி கிடைக்கும், அதைப் படிக்கும் குழுவுக்குச் சம்பளம் இருக்காது. குழாய் 50 ஆண்டு, நன்றாகப் பதித்தால் 100 ஆண்டுகூட உழைக்கும். 15 ஆண்டு ஒப்பந்தத்தில் வரும் நிறுவனத்துக்கு அதை மாற்றும் அக்கறை இயல்பாகவே குறைவு. முழுச் செலவையும் கட்டணத்தில் ஏற்றினால் ஏழை வீடுகள் இணைப்பையே இழக்கும். குழாயில் கழிவுநீர் கலக்காமல் இருந்தால் நோயும் பரவாது; அந்த நோய்த்தடுப்பின் பலன் எல்லோருக்கும் சேருவதால் செலவையும் எல்லோரும் சேர்ந்து ஏற்பதே நியாயம்.

கடல்நீரைக் குடிநீராக்க 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகிறது. 3.5 என்று எடுத்து, வழியில் 30 சதவீதம் கசிந்தால், வீட்டை அடையும் ஒவ்வொரு 1,000 லிட்டருக்கும் 5 யூனிட் செலவாகியிருக்கும். ஓட்டைக் குழாயில் புதிய ஆதாரத்தைச் சேர்ப்பது இப்படித்தான் முடிகிறது.

கம்போடியாவின் நோம் பென் நகரம் 1993இல் உற்பத்தி செய்த தண்ணீரில் 72 சதவீதத்தைக் கசிவாலும் திருட்டாலும் இழந்துகொண்டிருந்தது. 2010 வாக்கில் அது 6 சதவீத அளவுக்கு இறங்கியது. வெளிநாட்டு மானியமும் குறைந்த வட்டிக் கடனும் குழாய் மாற்றத்துக்குப் போயின. எல்லா இணைப்புக்கும் மீட்டர் வந்தது. ஏழை வீடுகளுக்கு இணைப்புக் கட்டணத்தில் சலுகை கிடைத்தது. அதை நடத்தியது ஒரு பொதுத்துறை அமைப்பு.

ஒரு நகரின் குடிநீர் பட்ஜெட்டை எடை போட இரண்டு எண்கள் போதும். ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் குழாய் மாற்றப்படுகிறது என்பது ஒன்று: 1,000 கிலோமீட்டரில் ஆண்டுக்கு 5 மட்டும் மாற்றினால், கடைசிக் குழாயின் முறை வர 200 ஆண்டு ஆகும். மற்றது, கசிவு தேடும் நிரந்தரக் குழுவுக்குத் தனித் தலைப்பில் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது. அந்தத் தலைப்பே இல்லாத பட்ஜெட்டில் புதிய நீர் ஆதாரத்துக்கு நிதி கேட்டால், முதலில் அதிகாலை அளவீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.